நரைச்செடிக்கு ஏற்றிய ட்ரிப்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், இதை முறைக்காக எழுதவில்லை, நிஜமாகவே சௌக்கியம். நீயும் மருமகளும் குட்டியும் அதேபோல் இருக்க வேண்டும். குட்டிக்குச் சளி விட்டுவிட்டதா? போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே என்றுதான் பேனாவை எடுத்தேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்குப் பக்கத்தில் நீ பேசி வைத்திருக்கும் முதியோர் இல்லத்துக்கு நான் வரப்போவதில்லை. அறை காற்றோட்டமாக இருக்கிறது, கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ் வருவாள் என்றாய். கூப்பிட்ட குரலுக்கு ஓடிய நர்ஸ் நான்தானடா, வேலை பார்த்த காலம் முழுவதும் அதைத்தான் செய்தேன், இனிப் படுத்துக்கொண்டு இன்னொருத்தியைக் கூப்பிட எனக்குப் பொறுமை கிடையாது. வாசல் படியில் நான் விழுந்ததை, நீ மாட்டிவிட்டுப் போன கேமராவில் பார்த்துப் பதறிப்போனாய், பெற்ற பிள்ளைக்குப் பதறத்தான் செய்யும், அதில் எனக்குச் சந்தோஷம்கூட. ஆனால் ஏன் விழுந்தேன் என்று நீ கேட்கவே இல்லை.

வாசல் சரிவில் நான் படரவிட்டிருக்கும் செடியை அதே கேமராவில் பார்த்துவிட்டு, "என்னம்மா எல்லாம் வாடிப்போச்சு, தண்ணி ஊத்த முடியலையா" என்றாயே, அங்கே ஆரம்பித்தது வினை. அது வாடவில்லையப்பா, அதன் நிறமே அதுதான். இலை முழுக்க வெள்ளைச் சுணை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால்தான் தெருவே அதை நரைச்செடி என்கிறது. நர்சரிக்காரர் சொன்ன பெயர் என் வாயில் நுழையவில்லை. நட்ட புதிதில் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் காட்ட வேண்டும், அப்புறம் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஈரமே இல்லையென்றால் மட்டும் கொஞ்சம். பூத்து முடிந்ததும் கத்தரித்துவிட வேண்டும், விட்டால் நடுவில் சொட்டை விழும். கோடையில் தெருவில் எல்லோர் வீட்டுப் புல்லும் கருகிக் கிடந்தபோது இது மட்டும் பாய் விரித்தாற்போல் கிடந்தது. இதையெல்லாம் சொல்ல விட்டாயா நீ? அங்கிருந்தே ஆள் பிடித்து அனுப்பி, சரிவெல்லாம் குழாய் வளைத்து, சொட்டுநீர் போட்டு, காலையும் மாலையும் தானாகத் திறக்கும்படி உன் போனிலேயே வைத்துக்கொண்டாய். ஊராருக்கெல்லாம் ட்ரிப் ஏற்றியவள் வீட்டுச் செடிக்கே ட்ரிப்! நன்றாக இருக்கிற உடம்பில் சும்மா ஏற்றிக்கொண்டே போனால் நீர் கோத்துக்கொள்ளும், இங்கேயும் அதுதான் நடந்தது. இலை கொழகொழத்தது, தண்டு கறுத்து நாறியது, சரிவில் வழிந்த தண்ணீர் படியில் நின்று பாசி பிடித்தது. அந்தப் பாசியில்தான் வழுக்கினேன். என் காலுக்கும் ஒன்றுமில்லை, கண்ணுக்கும் ஒன்றுமில்லை. தள்ளிவிட்டது உன் தண்ணீர், வீட்டைவிட்டுப் போக வேண்டியது நானா?

எழுந்து, சிராய்த்த முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டு நேரே போய்க் குழாயைப் பிடுங்கிச் சுருட்டிக் கட்டிவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து, "சிஸ்டர், பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார். அவன் என்னைக் கேட்டுவிட்டா போட்டான் என்றேன். மனுஷன் உடனே வீட்டுக்குப் போய், துணியைத் தவிர வேறெதையும் தொடவிடாத தம் கத்தரியைக் கொண்டுவந்து கொடுத்தார். அழுகியதை வெட்டி எறிந்தேன், கணுவில் வேர்விட்டிருந்த துண்டுகளைப் பிரித்து, மண்ணில் சரளையும் மணலும் கலந்து, சாணுக்கு ஒன்றாக நட்டேன். பாதிக்குமேல் போய்விட்டதடா, உட்கார்ந்து அழுதேன். பாசத்தில் செய்தான் என்று தெரிந்தும் உன்மேல் கோபம் வந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள், தண்ணீரைச் சொல்லவா வேண்டும். இப்போது மிச்சமெல்லாம் வேர் பிடித்துத் துளிர்த்துவிட்டது, கத்தரிக்குக் கூலியாகத் தையல்காரரும் இரண்டு துண்டு வாங்கிப்போய் நட்டிருக்கிறார்.

கேமராவை நான் கழற்றவில்லை. படியைப் பார்த்தது போதும் என்று செடிக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன், தினமும் பார், சாம்பல் நிறமாகத்தான் தெரியும். தலைக்கு மை போடுவதை நான் நிறுத்தியபோதும், "ஏம்மா, உடம்புக்கு என்ன" என்று பதறியவன்தானே நீ. நரைப்பது வேறு, வாடுவது வேறு. இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொள், போதும்.

உங்கள் மூவருக்கும் என் ஆசிகள், குட்டிக்கு ஒரு முத்தம் கூடுதலாக. அந்த அறையை நிஜமாகவே தேவைப்படுகிற யாருக்காவது விட்டுக்கொடுக்கச் சொல், மறந்துவிடாதே. அடுத்த மாதம் இங்கே வர நீ எடுத்து வைத்திருக்கும் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யாதே. என்னைக் கூட்டிப்போக வராதே, பார்க்க வா.

இப்படிக்கு,
நரைத்திருக்கும், வாடாதிருக்கும்
உன் அம்மா