மேகம் எவ்வளவு தூரத்தில்

ஜூன் 3, செவ்வாய்

படத்தில் விமானம் மேகங்களுக்குள் நுழையும் காட்சி, திருத்தச் சொல்லி மறுபடியும் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'இன்னும் கொஞ்சம்'; எதைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். இன்று அதைக்கூடச் சொல்லவில்லை. "மலையளவு மேகம் கேட்டேன். இது வாளியில பொங்குற சோப்பு நுரை மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆபரேஷன் செய்தும் இடது கண்ணில் பார்வை போனதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. கணினியில் மேகம் செய்கிறவனுக்கு ஒற்றைக் கண் என்றால் யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்?

ஜூன் 5

தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். வீட்டில் பார்க்க ஆளில்லாததும் ஒரு வசதிதான்.

ஜூன் 8, ஞாயிறு

தங்கை போனில் கூப்பிட்டாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணு நல்லாத் தெரியுதாண்ணா?"

"பளிச்சுனு தெரியுது."

போனை வைத்த பிறகு அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. பேச யாரும் இல்லை.

ஜூன் 10

தூரம் தெரியட்டும் என்று பின்னால் இருக்கும் மேகங்களை மங்கலாக்கினேன். இன்னும் மோசம். "இப்போ விமானமும் பொம்மையாயிடுச்சு" என்றார் மேற்பார்வையாளர் அம்மா. எது கிட்ட, எது தூரம் — எனக்கு மட்டும்தான் தெரியலையா?

ஜூன் 11

மேற்பார்வையாளர் அம்மாவிடம் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

அவர் ஜன்னலருகே போனார். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வானத்தையே பார்த்தார்.

"அவ்வளவு தூரத்துல ஒரு கண்ணால பாத்தாலும் ரெண்டு கண்ணால பாத்தாலும் ஒண்ணுதாங்க. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. நீங்க பயந்துபோய் எல்லாத்தையும் ப்ளர் பண்ணி வெச்சிருக்கீங்க. சின்னப் பொருளக் கேமராவுக்குக் கிட்ட வெச்சு எடுத்தாத்தான் பின்னாடி அப்படி மங்கும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "இத்தனை நாளா யார்கிட்டயுமே சொல்லலையா?" என்றார்.



ஜூன் 13, வெள்ளி

மங்கலை எடுத்துவிட்டேன். மேகத்தின் விளிம்புகள் கூர்மையாகவே இருக்கட்டும். தூரத்து மேகங்கள் மேல் மட்டும் வெளிறிய நீலம் படரவிட்டு, அவற்றின் நகர்வைக் கிட்டத்தட்ட நிறுத்தினேன். விமானத்தைப் பாதியாகச் சுருக்கினேன்.

திரையில் அது ஊர்ந்தது. அவ்வளவு பெரிய வெளியில் அவ்வளவு சின்னதாக... பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. மேற்பார்வையாளர் அம்மா "ஓகே" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

தங்கைக்கு நானே போன் செய்து கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் பொரிந்து தள்ளினாள். "நான் என்ன செத்தா போயிட்டேன்? யாரோ மாதிரி என்கிட்ட மறைக்கிறியே!" அழுதாள். நானும்தான்.

சனிக்கிழமை வருகிறாளாம். வராதே என்று சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை.

உள்ளறை மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டிருக்கிறேன்.