ஊசி வேண்டாம் என்றவரும் நீங்களும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

நேற்று ஒரு கர்ப்பிணிக்கு, வலி வரவழைக்கும் ஊசியைப் பற்றித் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். "வேண்டாம்" என்றார். "யோசிச்சுப் பாருங்க" என்றேன். "யோசிச்சுத்தான் சொல்றேன்" என்றார். என்னைப் போல் பதிவு பெற்ற மருத்துவச்சிக்கு இந்த நாட்டில் சட்டம் அப்படி: விளக்கலாம், வற்புறுத்தக் கூடாது; மறுத்தாலும் கைவிடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுப்பை எழுதிவிட்டு, பிள்ளை பிறக்கும் வரை கூடவே இருந்தேன்.

நீங்களோ தம்பி காட்டிய இடத்தில் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இல்லேன்னா அவன் கோவிச்சுக்குவான்" என்கிறீர்கள். முழங்கால் யாருடையது? டாக்டரிடம் கேட்க வேண்டியதைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பதிலை உங்கள் கையெழுத்திலேயே அனுப்புங்கள்.

போன் அடிக்கிறது, ஓடுகிறேன். வேண்டாம் என்றால் யாரும் உங்களை விட்டுப் போய்விட மாட்டார்கள். விட்டு வந்தவள் நான் ஒருத்திதான்.

உங்கள் மகள்