எண்பதடிக் குடல்

என் கூட்டாளிக்கு,

நேற்று என் மகள் என்னைச் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். பக்கத்து மேசைக்குக் குடல் குழம்பு வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குச் சிரிப்புப் பொங்கிவிட்டது. "என்னம்மா, தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். "எண்பதடி" என்றேன். உடனே அவள், காலை மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு என்னோடு சேர்ந்து சிரிக்கக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் நாம் இருவரும் தாதிப் பயிற்சியில் இருந்தோம். நோயாளிகள் நம்மை "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று கூப்பிடும்போது உனக்குத் தலைகால் புரியாது. ஆனால் உடற்கூறு வாய்மொழித் தேர்வில் நீ ஒருமுறை தோற்றிருந்தாய். உன் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் பெயில்னா படிச்சது போதும். புக்கிட் பாஞ்சாங் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடுவேன்." மாப்பிள்ளை ரப்பர் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணி. நல்ல மனிதர்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். உனக்கோ அவரைவிட வெள்ளைத் தொப்பிதான் பெரிதாக இருந்தது.

நான் புத்தகப் புழு. முற்றுப்புள்ளி உட்பட எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வேன். உனக்குக் கண்ணால் பார்க்காத எதுவும் மண்டையில் ஏறாது. சிறுகுடலின் நீளம் இருபது அடி என்று நான் வாசித்தபோது நீ உன் ஒட்டிய வயிற்றைத் தடவிப் பார்த்தாய்.

"இதுக்குள்ள இருபது அடியா? எங்கடி போகும்? சும்மா எழுதிவிட்டிருக்கான் லா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேக்கா சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாய். ஆட்டிறைச்சிக் கடை பாயிடம் சிறுகுடல் முழுசாக வேண்டும், வெட்டக் கூடாது என்றாய்.

"எத்தனை பேருக்குச் சமையல் மிஸ்ஸி?"

"சமைக்க இல்ல பாய். படிக்க."

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "முப்பது வருசமா வெட்டுறேன். இதுல படிக்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். இருந்தாலும் குடலைப் பிடித்துவைத்திருக்கும் சவ்வைப் பொறுமையாக விரித்துக் காட்டினார். அதன் ஓரம் முழுக்கக் குடல் வளைந்து வளைந்து தொங்கியது. மேலே முதுகுப் பக்கம் ஒட்டும் இடத்திலோ எல்லாம் சுருங்கி ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருந்தது. "புடவைக் கொசுவம் மாதிரிடி" என்றாய். அந்தச் சவ்வைப் பற்றிய ஒரு முழுப் பக்கத்தை நான் கடகடவென்று ஒப்பிப்பேன். அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. உன்னிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பாய் பிரித்துக் கொடுத்த குடலை உன் வீட்டுப் பின்சந்தில் செய்தித்தாள் விரித்து நீட்டினோம். கீழ்வீட்டுத் தையற்காரரின் டேப்பைக் கேட்டு வாங்கியிருந்தாய். அளக்க அளக்க முடியவே இல்லை. சந்தின் கோடி வரை போய்த் திரும்பி, மறுபடியும் போனோம். நடுவில் ஒரு பூனை வந்து கடைசித் துண்டைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓடியது. அது தின்ற இரண்டடியையும் சேர்க்கவேண்டும் என்று நீ அடம்பிடித்தாய். மொத்தம் எண்பதடி. தையற்காரர் டேப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

பிறகு நீ ஒரு துண்டை உள்வெளியாகப் புரட்டிக் கழுவினாய். "தொட்டுப் பாருடி, உள்ள டவல் மாதிரி பொசுபொசுன்னு இருக்கு." நான் தொடவில்லை. உன் அம்மா எட்டிப் பார்த்து, "படிச்சு முடிச்சாச்சா? குடுங்க, மிளகு அரைச்சு வச்சிருக்கேன்" என்றார்கள். அன்றைய பாடத்தை மத்தியானம் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம்.

"அது ஆட்டுக் கணக்கு. மனுஷனுக்கு இருபதுதான்" என்று நான் எவ்வளவோ சொன்னேன். நீ கேட்டால்தானே. "குடல்னா குடல்தான். புத்தகம் எழுதினவரு அளந்தாரோ என்னவோ, நான் அளந்தேன்" என்று முடித்துவிட்டாய்.

தேர்வு நாளில் எனக்குத்தான் முதலில் அழைப்பு. வெள்ளைக்காரச் சிஸ்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். டியோடினம், ஜெஜூனம், இலியம் என்று மூன்று பகுதிகளையும் சொன்னேன். பித்தநீரும் கணையநீரும் முதல் பகுதியில் வந்து சேர்வதைச் சொன்னேன். நீளம் இருபது அடி என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "எதற்கு அவ்வளவு நீளம்?" என்று கேட்டார். அது புத்தகத்தில் இருந்தது. இடதுபக்கத்தின் அடியில் இருந்தது என்பதுகூட நினைவுக்கு வந்தது. வரிதான் வரவில்லை. "சரி, உட்பக்கம் ஏன் வழவழவென்று இல்லை?" அதற்கும் நின்றேன். போகலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் நீ கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். "என்னடி கேட்டாங்க?" என்றாய். இருபதுன்னு சொல்லுடி, எண்பதுன்னு உளறிடாதே என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு நேரம்தான் ஆகும். நான் "ஒண்ணுமில்ல, போ" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

உள்ளே நடந்ததை நீ பிறகு எத்தனை முறை நடித்துக் காட்டியிருப்பாய். நீளம் எவ்வளவு என்று சிஸ்டர் கேட்க, எண்பது அடி என்று தைரியமாகச் சொல்லியிருக்கிறாய்.

"எப்படித் தெரியும்?"

"அளந்து பார்த்தேன், சிஸ்டர்."

சிஸ்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மெதுவாக, "யாரை?" என்று கேட்டாராம்.

ஆடு என்று தெரிந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. மனிதனுக்கு இருபதுதான் என்று திருத்திவிட்டு, ஆட்டுக்கு மட்டும் ஏன் அவ்வளவு என்று கேட்டார். நீ யோசித்தாய். ஆடு தின்பது பச்சைப் புல், அதிலிருந்து சத்தைப் பிரிக்க நெடுநேரமாகும், அதனால் பாதை நீளம். நமக்குப் பாதி வேலை அடுப்பிலேயே முடிந்துவிடுகிறது என்றாய். உட்பக்கம் எப்படி இருக்கும் என்றதற்கு டவல் மாதிரி என்றாய். வெறும் துணியைவிட டவல்தானே அதிகமாக ஈரம் உறிஞ்சும், சாப்பாட்டின் சத்தையும் அப்படித்தான் அந்தப் பொசுபொசுப்பு உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது என்றாய்.

நீ பாஸ். நான் பெயில். உன் அப்பா, "எண்பதடின்னு சொல்லியும் விட்டாங்களா?" என்று இரண்டு நாள் நம்பாமல் திரிந்தார். பிறகு புக்கிட் பாஞ்சாங்குக்கு மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார். ஆறு மாதம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்து என்னைத் தேற்றிவிட்டாய்.

அதற்குப் பிறகு, கல்யாண வீட்டிலும் உன் ஓய்வு விருந்திலும், என்னைக் காட்டி நீ ஒன்று சொல்வாய். "என் கூட்டாளி அவ்ளோ நேர்மை. கேள்வி என்னன்னு தெரிஞ்சும், என் தலையெழுத்தே மாறப்போகுதுன்னு தெரிஞ்சும், வாயத் தெறக்கல." எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

அது நேர்மை இல்லையடி. எரிச்சல். முதல் மாணவி நானே தோற்றுவிட்டு வருகிறேன், நீயும் தோற்றுத்தான் பாரேன் என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன். நான் சொல்லியிருந்தால் நீயும் இருபது என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியில் என்னைப் போலவே நின்றிருப்பாயோ என்னவோ. அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தேறவில்லை. நீ ஊர் முழுக்க எனக்குச் சேர்த்துவைத்த நல்ல பெயர் ஒவ்வொரு தடவையும் குத்தியது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே காலம் போய்விட்டது.

உன் இறுதிச் சடங்கன்று உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா உங்க நேர்மையப் பத்தியேதான் பேசுவாங்க ஆன்ட்டி என்று சொல்லி அழுதாள். நீ அங்கேதான் படுத்திருந்தாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.