அறுபத்தொன்பது ஜிபி எங்கே போச்சு?

மார்ச் 3, செவ்வாய்
எங்கள் ஸ்டுடியோ எடுத்த கல்யாண வீடியோ மொத்தம் 950 ஜிபி. வெள்ளிக்கிழமை கல்யாணப் பெண் புருஷனோடு வெளிநாட்டுக்குப் பறக்கிறாள். அதற்குள் முழுப் பதிவும் வெட்டாமல் கொள்ளாமல் கையில் வேண்டுமாம். ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கி வந்தேன். ஆயிரம் ஜிபி, தாராளம். போட்டுப் பார்த்தால் கம்ப்யூட்டர் 931 என்கிறது! மிச்சம் அறுபத்தொன்பது எங்கே போச்சு? விடுவேனா? நேரே கடைக்குப் போய், நாலு பேர் பார்க்க, "பட்டப்பகல்ல கொள்ளையா?" என்று கத்தினேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் காது கொடுக்கவில்லை. "இனிமே இந்தக் கடை வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

அப்பாடா, எவ்வளவு திருப்தி.

மார்ச் 4, புதன்
தப்பு என்மேல்தான். எங்கள் கேமராக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "கிலோ, மெகா, ஜிகா, டெரான்னு ஒவ்வொரு படிக்கும் டிஸ்க் கம்பெனிக்காரன் ஆயிரமா எண்ணுறான். நம்ம கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலா எண்ணுது. டிஸ்க் அதேதான்மா. பத்து வருஷமா எடிட் பண்றே, இது தெரியாதா?" தெரியாது. இத்தனை நாளும் டிஸ்க் வாங்கினது அவர்தானே!

இன்னும் 19 ஜிபிக்கு இடம் வேண்டும். பக்கத்தில் இருப்பதோ அந்த ஒரே கடை. அங்கே போய் நிற்பதா? செத்தாலும் மாட்டேன். எதையாவது அழித்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 5, வியாழன்
அழிக்கத் தோதாக ஒன்று கிடைத்தது. 20 ஜிபி. சாப்பாட்டுக்கூடத்தில் அணைக்க மறந்த கேமரா நாற்பது நிமிடம் சும்மா ஓடியிருக்கிறது. வெறும் காலி நாற்காலிகள். எதற்கும் இருக்கட்டுமென்று ஓட்டிப் பார்த்தேன். நல்லவேளை!

பெண்ணின் அப்பா வருகிறார். கல்யாணம் முழுக்க வாயே திறக்காத மனுஷர். நாங்கள் வைத்த பெயர் 'சைலன்ட் மோட்'. காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, மகளிடம் பேச ஒத்திகை பார்க்கிறார்! "பாப்பா... அப்பாவுக்குப் பேச வராதும்மா..." தலையை ஆட்டிக்கொள்கிறார். எழுந்து போகிறார். திரும்பி வருகிறார். மறுபடியும், "பாப்பா..." ஏழு தடவை. ஏழிலும் அடுத்த வரி வரவில்லை. கடைசியில் நாற்காலியை ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சிரித்துக்கொண்டே அழுதேன். இதையா அழிக்கப் பார்த்தேன், பாவி? அவருக்கே போன் பண்ணிச் சொன்னேன். "பாப்பாகிட்ட குடுத்துடும்மா" என்றார்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். வேறு வழி? "அண்ணா, அன்னிக்குக் கத்தினது தப்பு. மன்னிச்சிடுங்க." என் ஆயுசில் இது மூன்றாவது மன்னிப்பு. அவர் ஒரு பென்டிரைவை எடுத்து வைத்தார். "அட்டையில முப்பத்திரண்டுன்னு இருக்கும். உங்க கம்ப்யூட்டர் முப்பதுக்குள்ளதான் காட்டும். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் வந்து கத்தக்கூடாது." கடையே சிரித்தது. நானும்தான்.

மார்ச் 6, வெள்ளி
டிஸ்க்கையும், அப்பாவின் ஒத்திகையைப் போட்ட பென்டிரைவையும் பெண்ணிடம் கொடுத்தாச்சு. "பென்டிரைவை முதல்ல பாரு" என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு
சைலன்ட் மோட் ஸ்டுடியோவுக்கு வந்தார். நாற்காலியை ஒழுங்காக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா நேத்து கூப்பிட்டா."

"என்ன சொன்னா?"

"அவ எங்க சொன்னா? ரெண்டு மணி நேரம் நான்தான் பேசினேன்."