ஊற்றடி ஓக் மரம்

1783, செப்டம்பர் 3
மழை இல்லை. கேப்டன் டன்லாப் தன் சோளக்கொல்லை வேலியை ஊற்றுப் பக்கம் இன்னும் இருபது அடி தள்ளிப் போட்டிருக்கிறான். அது என் நிலம். கோட்டை எழும்புவதற்கு இரண்டு வருடம் முன்பே ஊற்றடி வெள்ளை ஓக் மரத்தில் என் பெயரின் முதல் எழுத்துகளைக் கோடாலியால் செதுக்கினேன். மரத்தில் எவன் குறியோ, சுற்றியுள்ள நிலம் அவனுக்கு. சட்டத்தில் இல்லை, கென்டக்கியில் பழக்கம்.

எழுபத்தேழில் கோட்டை கட்டியபோது மரம் போயிற்று. டன்லாப் அங்கே சோளம் விதைத்தான். மரத்தை வெட்டி நிலத்தைப் பிடித்த திருடன் என்று எல்லார் முன்னாலும் அவனைச் சொன்னேன். "நீதான்யா அதை வெட்டினே" என்றான் பதிலுக்கு. திமிர். ஆறு வருடமாகப் பேச்சில்லை.

செப்டம்பர் 9
நிலத் தகராறுகளைத் தீர்க்க ஊர் மூன்று பேரைப் பொறுக்கியிருக்கிறது. அக்டோபர் இரண்டாம் தேதி உட்காருகிறார்கள். அவர்கள் சொல்வதே முடிவு. மூவரில் ஒருவனுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. வில்லியம்ஸ்பர்கில் ஐந்து வருடம் லத்தீன் படித்த நான் இவர்கள் முன் நிற்க வேண்டும்.

அடுத்த குடிசை விதவை ஹானா கோல் கேட்டாள்: "மரமே இல்லாம குறிய எப்படி காட்டுவீரு வாத்தியாரே? லத்தீன்லயா?"

செப்டம்பர் 15
ஊற்றுக்குப் போனேன். அடிமரம்கூட மக்கிவிட்டது. முன்பு இங்கே இருந்த ஷானி இந்தியர்களின் பழைய அடுப்புக் கற்கள் மூன்றும் அப்படியே கிடக்கின்றன. அவர்கள் எந்த மரத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தாலும் யார் படித்திருக்கப் போகிறோம்?

செப்டம்பர் 22
இங்கிலாந்தோடு சண்டை முடிந்துவிட்டதாம். கோட்டையின் மரச் சுவரைப் பிரிக்கிறார்கள். குடிசைக்குப் பின்னால் அவரவர் வெட்டி நட்ட மரங்கள் அவரவருக்கே. என் பங்கு இருபத்துநான்கு. விறகுக்காவது ஆகும்.

செப்டம்பர் 25
ஹானாவின் எருதுகளைப் பூட்டி இழுத்தேன். பதினோராவது மரம். மூன்றடிக் குழியிலிருந்து அடிப்பாகம் மேலே வந்தது. பட்டையில் அப்பியிருந்த களிமண் உதிர்ந்தது —

என் எழுத்துகள்.

எழுபத்தேழில் ஷானிகள் தாக்க வருகிறார்கள் என்ற சேதி. ஐந்து நாளில் சுவர். விடாத மழை. கைக்கு எட்டியதையெல்லாம் வெட்டினோம். குறி இருந்த பக்கத்தை நான் பார்க்கவில்லையா? மறுபக்கம் நின்று வெட்டியிருப்பேன். வேறு எவனாவது...? இல்லை. என் பங்குச் சுவரில் வேறு யாரும் ஒரு குச்சிகூட நடவில்லை. ஆறு வருஷம் இது பக்கத்துலயே படுத்திருக்கேன். அட மடையா, நீயேதான் வெட்டினியா?

செப்டம்பர் 26
குறியுள்ள துண்டை மட்டும் ரம்பத்தால் அறுத்துக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

காட்டினால் நிலம் கிடைக்கும். எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று கேட்பார்கள். அடுப்பில் போட்டால் நிலம் போகும். டன்லாப் திருடனாகவே இருப்பான். இரண்டாவது எனக்கு இத்தனை பிடித்திருப்பது ஏன்?

செப்டம்பர் 29
துண்டு இன்னும் கட்டிலுக்கடியில்தான்.

அக்டோபர் 2
கொண்டுபோனேன். ஊரே கூடியிருந்தது. மூவரில் மூத்தவன் பிராடக் எழுத்துகளைத் தடவிப் பார்த்தான். "எங்கேர்ந்து கெடச்சுது?"

"என் சுவரிலிருந்து."

"அப்போ வெட்டினது யாரு?"

"நான்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "ஏன் வாத்தியாரே, சொந்தப் பேரையே படிக்கத் தெரியாதா?" என்று பின்னாலிருந்து ஹானா. அவளுக்கு எழுத்தே தெரியாது.

டன்லாப் எழுந்தான். "அது இவரு குறிதான். நான் வர்றதுக்கு முன்னாடியே மரத்துல இருந்துச்சு. இவரு வெட்டினப்போ பத்தடி தள்ளி நின்னேன். சொந்த மரத்தையே ஊருக்காக வெட்டுறாரே, நிலத்தையும் விட்டுட்டாருன்னு நெனச்சேன். அப்புறம் என்னையே திருடன்னாரு. தெரிஞ்சே பொய் சொல்றாருன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்." உட்கார்ந்தான்.

நிலம் எனக்கு. இந்த வருட விளைச்சல் மட்டும் அவனுக்கு.

துண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 11
டன்லாப் சோளம் ஒடிக்கிறான். தனியாக. குடிசை வாசலிலிருந்தே தெரிகிறது.

அக்டோபர் 24
ஊற்றடியில் டன்லாப் வேலியைப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"தண்ணி எடுத்துக்கலாமா?" என்றான். இதற்கு முன் அவன் கேட்டதே இல்லை.

சுரைக்குடுக்கையை நீட்டினேன். "நிலத்துல கீழ்ப்பாதிய நீயே வெச்சுக்கோ. வேலிய அங்கேயே போடு."

ரொம்ப நேரம் குடித்தான். "அப்போ எல்லைக்கு ஒரு குறி வெட்டிடட்டுமா?"

"மரத்துல வேணாம்."

சிரித்தான். நானும் என்றுதான் நினைக்கிறேன்.

ஷானிகளின் அடுப்புக் கற்களில் பெரியதாக ஒன்றை இருவருமாக உருட்டி வந்து எல்லையில் நட்டோம். மற்ற இரண்டும் அங்கேயே கிடக்கின்றன.