திட்டுத் திட்டாய் ஏறிய பழுப்பு

கண்ணாடித் துண்டுகளைக் கழுவிய சைலீன் திரவத்தின் நெடி இன்னும் என் விரல்களைவிட்டுப் போகவில்லை. கைகூடக் கழுவாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு அவசரம்!

நேற்றுக் காலை நுண்ணோக்கியில் உன் மூளைக்கட்டியின் சீவலைப் பார்த்ததுமே என் வாய் தானாக "ரிஜெக்ட்" என்றது. ஒரு பக்கம் கரும்பழுப்பாகச் சாயம் ஏறியிருந்தது. மறுபக்கம் ஏறவே இல்லை. நீ இருந்திருந்தால் எனக்கு முன்பே சொல்லியிருப்பாய்.

வீரபாண்டி பனியன் கம்பெனியில் நாம் சேர்ந்து துணி சரிபார்த்த நாட்களில் உன் கண்ணுக்குத்தான் முதலில் திட்டு தெரியும். "வெளிச்சத்துல அப்பிடித் தெரியுதுங்க" என்று சாயப்பட்டறைக்காரர் மழுப்புவார். "வெளிச்சம் பாவமுங்ணா, அதை விட்டுருங்க" என்று ரோலைச் சுருட்டித் திருப்பி அனுப்பிவிடுவாய். பிறகு நான் மேலே படித்து, கோவையில் மூளைக்கட்டிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் சேர்ந்தேன். "அங்கயும் சாயந்தானா புள்ள? இதுக்கா இத்தனை படிப்பு?" என்று கேட்டுச் சிரித்தாய்.

சாயம்தான். 'வளரு' என்ற சேதியை வாங்கிக்கொள்ள செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டு, ஏற்பி என்போம். சில மூளைக்கட்டிகளில் அது அளவுமீறிப் பெருகியிருக்கும். அது இருக்கிற இடத்தில் மட்டும் பழுப்பு பிடிக்கும்படி சாயமிடுவதுதான் என் வேலை. அந்த வேலை ஒருநாள் உனக்கே தேவைப்படும் என்று யார் கண்டது?

அறுவை சிகிச்சையில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். அதில் சோதித்த சின்னத் துண்டு முழுக்கப் பழுப்பு. அந்த ஏற்பியைக் குறிவைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். மிச்சக் கட்டியில் ஒரு பக்கம் சுருங்கியதை ஸ்கேனில் பார்த்துவிட்டு, நம் ஊர் ராயபுரத்தில் உன் வீட்டில் பாயசம் வைத்துக் குடித்தோம். அடுத்த ஸ்கேனில் மறுபக்கம் வளர்ந்திருந்தது.

"மருந்து நல்ல மருந்துதான் புள்ள. என்ற ஒடம்புதான் ஏத்துக்கலையாட்ட இருக்குது. எல்லாரும் இத்தனை பாடுபட்டும் நானே கெடுத்துப்போட்டேன்" என்றாய். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் மறுத்துச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எடுத்த கட்டியின் மீதியை ஆராய்ச்சிக்குக் கேட்டபோது மட்டும் பழைய ஆளாகிவிட்டாய். "சாம்பிள் குடுக்காம எந்த ஆர்டர் ஓகே ஆயிருக்குது? எடுத்துக்கங்க. ஆனா இவதான் பார்க்கோணும்" என்று என்னைக் காட்டினாய்.

நீ போன பிறகும் மெழுகில் பத்திரமாக இருந்த அந்த மீதிக்குத்தான் நேற்றுச் சாயமிட்டேன். நம் ஊரில் திட்டு என்றால் சாயமிட்டவர் பிழைதானே; அதே புத்தியில், திட்டைப் பார்த்ததும் என் கைப்பிழை என்றே நினைத்தேன். புதுக் கரைசல் கலந்து, பழுப்பு நிச்சயம் ஏறும் என்று தெரிந்த வேறொரு துண்டையும் துணைக்கு வைத்து, மறுபடி சாயமிட்டேன். இன்று பார்த்தால் அந்தத் துண்டில் ஒரே சீராக நிறம். உன்னுடையதில் மறுபடியும் திட்டு, அதே இடத்தில்!

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சாயத்தில் குறையே இல்லை, கட்டிதான் அப்படி! ஒரே கட்டிக்குள் ஏற்பி உள்ள செல்லும் இல்லாத செல்லும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்திருக்கின்றன. முதலில் சோதித்த துண்டு பழுப்புப் பக்கத்தில் வெட்டியது. மருந்துக்கு மறுபக்கத்தில் பிடிக்க ஒன்றுமே இல்லை.

என் தலைமை மருத்துவரும் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "ஒண்ணை வச்சு முடிவு கட்டிராதம்மா, மத்தவங்களோடதையும் பாரு" என்றார். ஆனாலும் இனி எங்களிடம் வரும் கட்டிகளில் பல இடங்களிலிருந்து துண்டெடுத்துச் சோதிக்கச் சம்மதித்துவிட்டார். நாளைக்கே ஒன்று வருகிறது.

உடனே உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மண்ணரைத் தறிப்பட்டறையில் சத்தத்துக்கு நடுவே எடுத்தவர், விஷயத்தைக் கேட்டதும் வெளியே நடந்து வந்தார்.

"அப்ப அவ ஒடம்பு மேல தப்பில்லையா அம்மிணி?"

"இல்லீங்ணா. மருந்து பிடிச்ச பக்கமெல்லாம் அவ ஒடம்பு நல்லாத்தான் கேட்டிருக்குதுங்க."

"இதை அவ கேட்டிருக்கோணும்" என்றார்.

எனக்கும் அதே ஆற்றாமைதான். இனி எத்தனை கட்டிகளுக்குச் சாயமிட்டாலும், 'நானே கெடுத்துப்போட்டேன்' என்ற உன் குரல் என்னோடு வரும். அதற்கு இன்று என்னிடம் பதில் இருக்கிறது: நீ எதையும் கெடுக்கவில்லை.