தப்பு, அத்தை

சம்பந்திக்கு, மல்காஜ்கிரியிலிருந்து சரோஜா எழுதிக்கொள்வது.

முதலில் பிள்ளைகள் சமாச்சாரம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைத்தானே கேட்பீர்கள். நம் பேத்தி நித்யாவுக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. தெலுங்கில் பேசினாள். பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது, கைதட்டல் முழுசாகப் புரிந்தது. நம் பேரன் கார்த்தி ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது. முதலில் வந்தவன் தன்னைவிட ஒரு சாண் உயரம் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னான். என் மகன் முரளிக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் பதவி உயர்வு. என்ன வேலை என்று கேட்டால் முன்பெல்லாம் எனக்குத்தான் புரியாது, இப்போது அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. பெரிய சேதியைக் கடைசியில் வைத்தேன். உங்கள் மகள், என் மருமகள், நம் வசந்தி இருக்கிறாளே, அவளைப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் மொத்தத்துக்கும் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள். மற்ற டீச்சர்கள் அவளிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறார்களாம்.

நீங்கள் போய் இது இரண்டாவது மழைக்காலம். இன்று காலை பீரோவுக்குப் பின்னால் துடைப்பத்தை விட்டேன், சுருட்டிக் கட்டிய ஒன்று உருண்டு வந்தது. பி.எட். படித்த வருஷம் வசந்தி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவாளே, பாய் மாதிரிச் சுருட்டி வைக்கிற கறுப்புப் பலகை, அதுதான். விரித்தேன். சாக்பீஸ் வாசனை குப்பென்று வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

நாம் இரண்டு பேரும் எப்படி இருந்தோம் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. வசந்திக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்து, அவர்கள் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதும் நீங்கள் திருமுல்கேரியிலிருந்து பஸ் மாறி வந்து, எங்கள் வீட்டு நாற்காலியின் நுனியில்தான் உட்காருவீர்கள். "உட்காருங்க சம்பந்தி" என்று நான் சொல்லாமல் அந்த நுனியிலும் உட்கார மாட்டீர்கள். பெண்ணைப் பெற்றவள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஒரு கணக்கு, பையனைப் பெற்றவள் அப்படித்தான் உபசரிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு. காபி டம்ளர் காலியானதும் நம்மிடம் பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் வசந்தி பி.எட். சேர்ந்தாள். தெருவே வந்து புத்தி சொன்னது. "வீட்டுக்காரர் சாஃப்ட்வேர், பொண்டாட்டி டீச்சரா? அமீர்பேட்டையில ஜாவா படிக்கச் சொல்லுங்க, ஆறே மாசத்துல ஏசி ரூம்ல உட்காரலாம்." அவள் கேட்கவில்லை. சின்ன வயசிலிருந்து அவளுக்கு டீச்சராக வேண்டும் என்பதுதான் ஆசை. கல்யாணத்துக்கு முன்னாலேயே என் பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தாளாம்.

படிப்பில் அவளுக்குக் குறையே இல்லை. குழந்தை மனசு எப்படி வளர்கிறது, பாடத்தை எப்படித் திட்டம் போடுவது, எல்லாம் மனப்பாடம். கல்லூரியில் சின்னச் சின்னப் பாடமாக நடத்திப் பழகுவார்களாம், கூடப் படிக்கிற பெண்களே பிள்ளைகளாக பெஞ்சில் உட்காருவார்களாம். அதிலும் தப்பித்து வந்துவிட்டாள். நிஜப் பிள்ளைகளுக்கு நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

அன்று நீங்கள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தீர்கள். வசந்தி உள்ளே வந்தாள், நேராகப் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"என்னடீ ஆச்சு?" என்றீர்கள்.

"எங்க காலேஜ் மேடம் கடைசி பெஞ்சில உட்கார்ந்து பார்த்தாங்கம்மா. பசங்க எது சொன்னாலும் நான் வெரி குட், வெரி குட்னு தலையாட்டறேனாம். தப்பான பதிலைக்கூட போர்டுல எழுதிட்டேன். நீ பாடம் நடத்த வந்தியா, பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குக் காபி குடுக்க வந்தியான்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்க்கிற கடைசிப் பாடத்திலும் இப்படியே செய்தால் தேற மாட்டாள் என்று அந்த மேடம் நேராகவே சொல்லியிருக்கிறார்.

"எதிர்ல இருக்கறவங்களப் பார்த்துத் தப்புன்னு சொல்ல எனக்கு வாயே வரலை அத்தை. விட்டுடறேன். ஜாவாவே படிச்சுக்கறேன்."

நீங்கள் எழுந்தீர்கள். நான் சொல்லாமல் நீங்களாக எழுந்தது அதுதான் முதல் தடவை. "சம்பந்தி, ஒரு பாய் குடுங்க" என்றீர்கள். கூடத்தில் விரித்தீர்கள், சப்பணம் போட்டு உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் தட்டிக் காட்டினீர்கள். "வாங்க. நாம ரெண்டு பேரும் ஆறாங்கிளாஸ். ஏய் டீச்சர், கண்ணத் தொடச்சிக்கிட்டு அட்டெண்டன்ஸ் எடு!"

"விளையாடாதம்மா."

"எடுடீ!"

"அம்மா?"

"ப்ரெசென்ட் மேடம்!"

"அத்தை?"

"கிளாஸ்ல யாருடீ அத்தை? பேரு சொல்லிக் கூப்பிடு!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "சரோஜா..." என்றாள், மூச்சுக்குள். பிறகு பயந்துபோய், "அத்தை" என்று ஒட்டவைத்தாள். ப்ரெசென்ட் என்று நான் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செடி எதைச் சாப்பிடுகிறது என்று கேட்டாள். நீங்கள் கையைத் தூக்கி, "பிரியாணி மேடம்!" என்றீர்கள்.

"தப்பு. ஒழுங்கா உட்காரும்மா."

அடுத்தது நான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தெரிந்ததைத்தான் சொன்னேன். "மண்ணு. தொட்டியில மண்ணு வர வர இறங்கிக்கிட்டே போவுதே, செடிதான் தின்னுது."

வசந்தி "வெரி குட் அத்தை" என்று சொல்லிவிட்டு, பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நக்கோ, நக்கோ!" என்று உருதுவில் மறுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டீர்கள். "சம்பந்தி சொன்னது சரியா, தப்பா?"

"தப்புதான்மா. ஆனா..."

"பெத்தவளுக்குத் தப்பு, மாமியாருக்கு வெரி குட்டா? ஓரவஞ்சனை பண்ற டீச்சர் எங்களுக்கு வேணாம். நான் ஹெட் மாஸ்டர்கிட்ட போறேன்!"

எனக்கு அவமானமாக இல்லை சம்பந்தி, ஆச்சரியமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், மண்ணைத் தின்கிறது என்றே நினைத்திருந்தேன். "தப்புன்னா சொல்லும்மா" என்றேன். "என்னை அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. செடி பாடம் ஆறாவதுல இருந்துச்சோ என்னமோ."

அவள் பலகையை விட்டு என் பக்கம் திரும்பினாள். காது மடல் சிவந்துவிட்டது. பிறகு சொன்னாள்: "தப்பு, அத்தை."

கூரை இடிந்து விழவில்லை. நான் அடுத்த கேள்வி கேட்டேன்: "அப்ப மண்ணு ஏன் குறையுது?" அவள் யோசித்தாள். நாம் ஊற்றுகிற தண்ணீரில் மண் அமுங்குகிறது, அடித் துவாரம் வழியாகக் கொஞ்சம் வெளியேயும் போகிறது என்றாள். செடிக்கான சமையல் இலையில் நடக்கிறது, வெயில்தான் அடுப்பு என்றாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அந்தக் குரலை நான் அதுவரை எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை.

அதன்பின் நீங்கள் வருகிற நாளெல்லாம் வகுப்புதான். போட்டி போட்டுக்கொண்டு தப்பு சொன்னோம். நீங்கள் என் விலாவில் குத்துவீர்கள், நான் உங்கள் முந்தானையைப் பாயில் முடிந்து வைப்பேன். வசந்தி அதட்டினாலும் சிரிப்பு நிற்காது. "டீச்சர், சரோஜா கிள்ளறா!" என்பீர்கள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட அப்போது ஊரில் ஆளே இல்லை. வகுப்பு முடிந்து நான் சாப்பாடு போட்டால், "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்று நீங்களே கேட்க ஆரம்பித்தீர்கள்.

கடைசிப் பாடம் நாச்சாரத்துப் பக்கம் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில். படங்கள், பலகை, சிலேட்டுகள் என்று ஒரு ஆட்டோ சாமான். தூக்குவதற்கு என்று சொல்லி நாம் இரண்டு பேரும் ஏறிக்கொண்டோம். சாமானை இறக்கிவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். போகாமல் ஜன்னலுக்குப் பக்கத்தில் தாழ்வாரத்தில் நின்றுகொண்டோம். வெளியிலிருந்து வந்த அம்மாள் கடைசி பெஞ்சில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

ஈரம் எப்படிக் காய்கிறது என்பது பாடம். சிலேட்டைத் தண்ணீரில் துடைத்து வெயிலில் வைத்தாள். காய்ந்தது. தண்ணீர் எங்கே போனது என்று தெலுங்கில் கேட்டாள். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் துள்ளி எழுந்து, சிலேட்டு குடித்துவிட்டது டீச்சர் என்றாள். ஆசையாகச் சொன்னாள், பாவம். முகமெல்லாம் சிரிப்பு. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

வசந்தி அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு குவிந்தது. அந்தக் குவியல் எனக்குத் தெரியும், வெரி குட்டுக்கு ஆரம்பம் அது. நீங்கள் என் கையை நெரித்தீர்கள். வளையல் அழுந்தியது.

"தப்பும்மா" என்றாள் வசந்தி. தெலுங்கிலும் அது தப்புதான், நமக்கும் புரிந்தது.

குழந்தையின் முகம் விழுந்தது. அதற்குள் அவள் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்து, தண்ணீரில் நனைத்து, அந்தப் பெண் கையிலேயே கொடுத்தாள். "இது எவர்சில்வர். இதுவும் குடிக்குமா பாரு. வெயில்ல நீயே பிடிச்சுக்கோ." பெண் ஜன்னலோரம் வந்து பிடித்துக்கொண்டு நின்றாள், நமக்கு ஒரு முழ தூரத்தில். ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போவதை நாமும்தான் பார்த்தோம். "குடிக்கலை டீச்சர்! வெயிலுதான் எடுத்துக்கிச்சு!" என்று அந்தப் பெண்ணே கத்தினாள். இந்தத் தடவை வசந்தி வெரி குட் சொன்னாள். கடைசி பெஞ்சு அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது அவர் நம்மைப் பார்த்துவிட்டார். உங்கள் பெண்ணா என்று கேட்டார். நீங்கள் உருதுவில் "ஹவ்" என்றீர்கள், நான் தெலுங்கில் "அவுனு" என்றேன், இரண்டு ஆமாமும் ஒரே நேரத்தில். இரண்டு பேருக்குமா என்று சிரித்துக்கொண்டே போனார். அப்போதே தெரிந்துவிட்டது தேறிவிட்டாள் என்று. நடுரோட்டில் நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டீர்கள். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு சும்மா இருந்துவிட்டான்.

இப்போது வீட்டில் நாள் முழுக்க அதே பேச்சுதான். "தப்பு அத்தை, அந்த மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்." "தப்பு அத்தை, சந்திரனுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது." பக்கத்து வீட்டம்மாள் என்னிடம் வந்து, "மருமக இப்படியா பேசறது, நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்களே?" என்று வருத்தப்பட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? ஐந்தாவதில் நின்றுபோன எனக்கு, பேரன் பேத்தி எடுத்த பிறகு, தினமும் ஒரு பாடம் நடக்கிறது. என் பதிலை ஒருத்தி மதித்துக் கேட்கிறாள், அதனால்தான் திருத்துகிறாள். மறுபடி கேள்வி கேட்கிற தைரியமும் எனக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் இப்போது நடமாடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கூடத்தில் உங்களுக்கு மாலை போட்டு மாட்டியிருப்பது கல்யாணத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. அதில் என் பின்னால் பாதி மறைந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். யாரோ மாதிரி இருக்கிறது. நித்யாவிடம் அது நீங்கள்தான் என்று சொன்னால், நம் பாட்டி எப்போது இவ்வளவு சாதுவாக இருந்தாள் என்று கேட்கிறாள். நீங்கள் இருக்கிற ஊரில் ஸ்டூடியோ இருந்தால் புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடுங்கள். தலை கலைந்திருந்தாலும் பரவாயில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.